வோல்ட்டும் ஆம்பியரும் கையில் இருந்தால்: மின்தடை, மின்திறன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வயரிங் வேலை. மாலையில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன். வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் சந்தேகத்தையே கோயில் கமிட்டி ஐயா வேறு வார்த்தையில் கேட்கிறார், லயத்து வீட்டு அக்கா இன்னொரு வார்த்தையில் கேட்கிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, ஆகவே வரிசையாகப் படித்தால் சுலபம்.

சார், வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் நாலும் ஒன்னா குழம்புது. எது எதுன்னு முதல்ல சொல்லுங்க.

பள்ளியில் மலாயில் வோல்தன், ஆருஸ், ரிந்தாங்கான், குவாசா என்று படித்ததுதான். மின்னழுத்தத்தை வோல்ட்டிலும், மின்னோட்டத்தை ஆம்பியரிலும், மின்தடையை ஓமிலும், மின்திறனை வாட்டிலும் அளக்கிறோம். பலரும் சொல்லும் தண்ணீர்த் தொட்டி உவமையை நான் எடுக்கவில்லை. அது பாதி வழியில் கைவிட்டுவிடும்.

நேரடியாகவே பார்க்கலாம். ஒரு ஆம்பியர் என்றால் நொடிக்கு ஒரு கூலோம் மின்னூட்டம் ஓடுகிறது. ஒரு வோல்ட் என்றால் ஒவ்வொரு கூலோமும் அந்தப் பொருளைக் கடக்கும்போது ஒரு ஜூல் ஆற்றலை இறக்கி வைக்கிறது. அப்படியானால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை ஜூல் என்று வரும். அதுதான் வாட். மின்தடை என்பது ஒரு ஆம்பியரை ஓட வைக்க எத்தனை வோல்ட் தேவை என்கிற கணக்கு. ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட நூலில் இந்தத் தொடர்பைச் சொன்னார்.

ரெண்டு நம்பர் கொடுத்துட்டாங்க. எதைப் பெருக்கணும், எதை வகுக்கணும்?

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம். மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 4 ஓம், 36 வாட். அவ்வளவுதான்.

முக்கோணம் வரைந்து விரலால் மறைத்துப் பார்க்கும் வித்தை தேர்வு மண்டபத்தில் உதவும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது வகுத்தலில் இல்லை. ஒரு பொருளின் வோல்ட்டையும் வேறொரு பொருளின் ஆம்பியரையும் சேர்த்து வகுத்துவிடுகிறார்கள். இரண்டு எண்ணும் ஒரே பொருளுடையதா, ஒரே நேரத்தில் எடுத்ததா என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் இனி வரும் முக்கால்வாசிக் கேள்விக்கு அதுதான் சாவி.

கெட்டில் அடியில 220–240 வோல்ட், 1850–2200 வாட்னு போட்டிருக்கு. ஒரு சாமானுக்கு எப்படி ரெண்டு வாட்?

நல்ல கேள்வி. உங்கள் வீட்டுக் கெட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், பெரும்பாலும் இதே எண்கள்தான் இருக்கும். 220 வோல்ட் கொடுத்தால் 1850 வாட், 240 கொடுத்தால் 2200 வாட் என்று அர்த்தம். முதலில் மின்னோட்டம் பார்ப்போம்: 1850 ÷ 220 = 8.41 ஆம்பியர். 2200 ÷ 240 = 9.17 ஆம்பியர். இப்போது மின்தடை: 220 ÷ 8.41 = 26.2 ஓம். 240 ÷ 9.17 = 26.2 ஓம். இரண்டும் ஒன்றே! உள்ளே இருக்கும் எலிமெண்ட் மாறவில்லை. கொடுக்கிற அழுத்தம் மாறினால் திறனும் மாறுகிறது.

நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் 230 ÷ 26.2 = 8.8 ஆம்பியர், திறன் ஏறக்குறைய 2020 வாட். டியூஷன் வகுப்பில் முதல் நாள் இந்தக் கெட்டில் கணக்கைத்தான் கொடுப்பேன். பாடநூல் உதாரணத்தைவிட இது மனத்தில் நிற்கிறது.

பழைய சாமான்ல 240 வோல்ட்னு இருக்கு. இப்போ 230ன்னு சொல்றாங்களே, ஆபத்தா?

ஆபத்து இல்லை. மலேசியாவில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு மதிப்பு 2008 ஜனவரி 1 முதல் 240இலிருந்து 230 ஆக மாற்றப்பட்டது. அதற்கு மேலே 10 சதவீதமும் கீழே 6 சதவீதமும் விடப்பட்டிருக்கிறது. அதாவது 216 முதல் 253 வோல்ட் வரை எதுவும் முறையானதே. மீட்டரில் 243 காட்டினால் பயப்பட வேண்டாம். தேர்வுத் தாளில் 240 என்று கொடுத்தால் 240 என்றே போடுங்கள்.

தம்பி, எங்க தோட்டத்துல சாயங்காலம் ஆனா சோறு வேக நேரமாகுது. குக்கர் கெட்டுப்போச்சா?

குக்கர் நன்றாகத்தான் இருக்கும், அக்கா. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தூரத்தில் இருக்கும் கடைசி வரிசை வீடுகளில், எல்லாரும் ஒரே நேரத்தில் சமைக்கும்போது அழுத்தம் இறங்கும். 230 வோல்ட்டுக்கு 700 வாட் என்று எழுதியிருக்கும் குக்கரின் மின்தடை 75.6 ஓம். அழுத்தம் பத்து சதவீதம் குறைந்து 207 ஆனால் மின்னோட்டமும் பத்து சதவீதம் குறையும். இரண்டையும் பெருக்குவதால் திறன் 567 வாட்டாக விழும். அதாவது பத்து குறைந்தால் பத்தொன்பது போகிறது.

207 என்பது மேலே சொன்ன 216க்கும் கீழே. தினமும் அப்படி என்றால் குக்கரை மாற்றிப் பயனில்லை. மின்சார வாரியமான தெனாகா நேஷனலின் 15454க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள். அளந்த நேரத்தையும் வோல்ட்டையும் குறித்து வைத்துச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

குக்கர், கெட்டில் ஓடினா பில்லுல எவ்வளவு ஏறும்?

வாட் என்பது வேகம் மாதிரி, பில் போடுவது மொத்தத்துக்கு. வாட்டை ஆயிரத்தால் வகுத்து, ஓடிய மணி நேரத்தால் பெருக்கினால் யூனிட் வரும். 2020 வாட் கெட்டில் ஒரு தடவை கொதிக்க 6 நிமிடம் என்றால் 0.2 யூனிட். ஒரு நாளைக்கு ஐந்து தடவை தேநீர் போட்டால் ஒரு யூனிட். குக்கரில் சோற்றைச் சூடாக வைத்திருக்கும் பொத்தான் வெறும் 40 வாட் எடுத்தாலும், பத்து மணி நேரம் விட்டால் 0.4 யூனிட், அதாவது இரண்டு கெட்டில் தண்ணீருக்குச் சமம்.

மீட்டரை எங்க வச்சு அளக்கணும்? நான் வச்சதும் ஃபியூஸ் போச்சு.

வோல்ட் அளக்கப் பொருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே, அதாவது பக்க இணைப்பில். ஆம்பியர் அளக்க வயரைப் பிரித்து நடுவே, அதாவது தொடரிணைப்பில். ஆம்பியர் துளையில் குத்திய வயரோடு பேட்டரிக்குக் குறுக்கே வைத்தால் மீட்டரே ஒரு வெறும் கம்பி மாதிரி ஆகிவிடும், உள்ளே ஃபியூஸ் போவது அதனால்தான். ஓம் அளக்கும்போது மின்சாரம் கண்டிப்பாக வெட்டியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தில் நான் கிளாம்ப் மீட்டர்தான் பயன்படுத்துகிறேன், வயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்தே ஆம்பியர் அளக்கும் மீட்டர் அது. அதையும் ஒரே ஒரு வயரைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். போகிற வயரையும் வருகிற வயரையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றையொன்று கழித்து பூஜ்யம் காட்டும். “அண்ணே, மீட்டர் ரிப்பேர்” என்று கொண்டுவருபவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

எல்இடிக்கு ரெசிஸ்டர் கணக்குப் போட்டா விடை தப்புன்னு சொல்றாங்க. 9 வகுத்தல் 20 தானே?

இதில் இரண்டு தப்பு. முதலாவது, 20 என்பது மில்லிஆம்பியர். 0.02 ஆம்பியர் என்று மாற்றாமல் வகுத்தால் விடை ஆயிரம் மடங்கு சுருங்கிவிடும்.

இரண்டாவதுதான் பெரிது. 9 வோல்ட் பேட்டரியுடையது, ரெசிஸ்டருடையது இல்லை. சாதாரண வெள்ளை எல்இடி 3 வோல்ட் அளவு எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டருக்குக் குறுக்கே மிஞ்சுவது 6 வோல்ட். 6 ÷ 0.02 = 300 ஓம். அதில் வீணாகும் திறன் 6 × 0.02 = 0.12 வாட், ஆகவே கால் வாட் ரெசிஸ்டர் தாராளமாகத் தாங்கும். 9ஐ வைத்து வகுத்தால் 450 ஓம் வரும். எல்இடி எரியும், மங்கலாக எரியும், அதனால் தப்பு கண்ணுக்குத் தெரியாது.

மின்தடை கூடினா திறன் கூடுமா, குறையுமா? ஐ ஸ்குவேர் ஆர் கூடும்ங்குது, வி ஸ்குவேர் பை ஆர் குறையும்ங்குது. எது பொய்?

இரண்டும் மெய். ஐந்தாம் படிவத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதைக் கேட்பார்கள். ஒன்று ஆம்பியர் × ஆம்பியர் × ஓம், மற்றது வோல்ட் × வோல்ட் ÷ ஓம். இரண்டு சூத்திரமும் ‘வோல்ட் × ஆம்பியர்’ என்பதிலிருந்தே வந்தவை. ஒன்றில் வோல்ட்டை நீக்கிவிட்டோம், மற்றதில் ஆம்பியரை நீக்கிவிட்டோம். எது மாறாமல் இருக்கிறது என்பதைப் பார்த்தால் சண்டை தீர்ந்துவிடும்.

வீட்டுச் சாமான்கள் எல்லாம் பக்க இணைப்பில் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே 230 வோல்ட். அங்கே மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும், திறனும் குறையும். அதிக வாட் உள்ள கெட்டிலுக்குத்தான் ஓம் குறைவு. தொடரிணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம். அங்கே மின்தடை அதிகமுள்ளது அதிக திறனை எடுக்கும். தளர்ந்துபோன பிளக் முனை சூடேறி உருகுவதும் இப்படித்தான்: அந்த முனை கெட்டிலோடு தொடரிணைப்பில் இருக்கிறது. ஓடும் 8.8 ஆம்பியரைக் கெட்டில்தான் முடிவு செய்கிறது. முனையில் அரை ஓம் தடை ஏறினாலே 8.8 × 8.8 × 0.5, ஏறக்குறைய 39 வாட் சூடு ஒரு சின்ன பித்தளைத் துண்டில் இறங்கும்.

60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடரா மாட்டினா எது பிரகாசமா எரியும்?

60 வாட் பல்பு. காரணம் மேலே இருக்கிறது. 230 வோல்ட்டுக்கான இழை பல்பு என்றால் 60 வாட்டுக்கு 882 ஓம், 100 வாட்டுக்கு 529 ஓம். தொடராகச் சேர்த்தால் 1411 ஓம், மின்னோட்டம் 0.163 ஆம்பியர். 60 வாட் பல்புக்கு 23 வாட், 100 வாட் பல்புக்கு 14 வாட். பல்பின் மேல் எழுதியிருக்கும் வாட் 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தால்தான். இந்த எண்களும் தோராயம்தான், ஏனென்று அடுத்த பதிலில் தெரியும். தேர்வுக்கு இது போதும்.

பல்பை மல்டிமீட்டர்ல அளந்தேன், நாப்பது ஓம்தான் காட்டுது. கணக்குப்படி 529 வரணுமே?

நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. கணக்கு சொல்வது எரிந்துகொண்டிருக்கும் இழையை. டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. 40 ஓமை வைத்துத் திறன் பார்த்தால் 1,300 வாட் என்று வரும். உண்மையில் சுவிட்சைப் போட்ட கணத்தில் அவ்வளவு எடுக்கவும் செய்யும், கண் இமைப்பதற்குள் சூடேறி 100 வாட்டுக்கு வந்துவிடும். பழைய இழை பல்புகள் பெரும்பாலும் போடும்போதே போய்விடுவது இதனால்தான்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது அந்த நேரத்து மின்தடை. அது எப்போதும் அதே எண்ணாக இருக்கும் என்று எந்த விதியும் வாக்குக் கொடுக்கவில்லை. கெட்டில், ஹீட்டர் எலிமெண்ட் இரண்டும் நைக்ரோம் போன்ற கலப்பு உலோகம். சூடேறினாலும் மின்தடை கொஞ்சம்தான் மாறும். அதனால் கெட்டிலை மின்சாரம் இல்லாமல் அளந்தாலும் 26 ஓம் பக்கம் வரும்.

குளியலறை ஹீட்டருக்கு 13 ஆம்பியர் பிளக் போட்டுக் குடு தம்பி, எதுக்குத் தனி வயர்?

இதற்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிடுவேன். உடனடிச் சுடுநீர் ஹீட்டர் பெரும்பாலும் 240 வோல்ட், 3600 வாட். 3600 ÷ 240 = 15 ஆம்பியர், 16 ஓம். 13 ஆம்பியர் ஃபியூஸ் 15 ஆம்பியரில் உடனே உருகிவிடும் என்று நினைப்பீர்கள். உருகாது. அந்த அளவு மிகையை அது வெகு நேரம் தாங்கும்படி செய்யப்பட்டது. அதற்குள் பிளக்கும் சாக்கெட்டும் மெல்ல மெல்லக் கருகும்.

ஹீட்டருக்கு வீட்டின் மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், 20 ஆம்பியர் இரட்டை முனை சுவிட்ச் வேண்டும். ஈரமான இடம் என்பதால் 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்சிடி என்னும் பாதுகாப்புச் சுவிட்சும் வேண்டும். சான்றிதழ் உள்ள வயர்மேன் செய்ய வேண்டிய வேலை இது.

திருவிழாவுக்கு ஐம்பது மீட்டர் வயர் இழுத்து அன்னதானப் பந்தல்ல தண்ணிப் பாய்லர் வச்சோம். கொதிக்கவே மாட்டேங்குது, வயர் சுருளும் சுடுது. பாய்லர் மோசமா?

இது ஒரு கமிட்டித் தலைவர் கேட்டது, நானும் போய்ப் பார்த்தேன். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், மீட்டருக்கு 0.0121 ஓம். போக 50, வர 50, மொத்தம் 100 மீட்டர் என்பதால் 1.21 ஓம். பாதித் தூரத்தை மறந்துவிடுவது எல்லாரும் செய்கிற தப்பு. பாய்லர் 230 வோல்ட்டுக்கு 2300 வாட், அதாவது 23 ஓம். தொடராகச் சேர்த்தால் 24.21 ஓம், மின்னோட்டம் 9.5 ஆம்பியர்.

வயரில் விழும் அழுத்தம் 9.5 × 1.21 = 11.5 வோல்ட். பாய்லருக்கு மிஞ்சுவது 218.5 வோல்ட், திறன் 2076 வாட். வயரில் வீணாவது 109 வாட். கீழே விரித்துப் போட்டால் ஐம்பது மீட்டர் நெடுக அந்தச் சூடு பரவிப் போயிருக்கும். ஆனால் பாதி வயரை உருளையிலேயே சுருட்டி வைத்திருந்தார்கள். அதோடு ஒரு சாம்பார் அண்டாவை வேறு அதன் மேல் சாய்த்திருந்தார்கள். 109 வாட்டில் பாதி அந்தச் சுருளுக்குள் சிக்கிக்கொண்டால் பிளாஸ்டிக் இளகும். உருளை வயரை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள், அல்லது 2.5 சதுர மில்லிமீட்டருக்குப் போங்கள்.

கணக்கில் கவனிக்க வேண்டியது: கிளாம்ப் மீட்டரில் 9.5 பார்த்துவிட்டு, சாக்கெட்டின் 230ஐ அதனால் வகுத்து “பாய்லர் 24.2 ஓம்” என்றார் கூட இருந்த தம்பி. அது பாய்லரும் வயரும் சேர்ந்தது. பாய்லருடையது வேண்டுமானால் பாய்லர் முனையில் வோல்ட் அளக்க வேண்டும்.

ஃபேனுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா 115 வருது, லேபிள்ல 70 வாட்னு இருக்கு. கம்பெனி ஏமாத்துதா?

ஏமாற்றவில்லை. கெட்டில் வெறும் மின்தடை. ஃபேனில் சுருள் இருக்கிறது. மாறுதிசை மின்சாரத்தில் நொடிக்கு 50 தடவை அழுத்தம் ஏறி இறங்கும்போது, சுருளின் மின்னோட்டம் கொஞ்சம் பின்தங்கி வரும். சுருள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆற்றலை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெருக்கி வரும் 115க்கு வோல்ட்-ஆம்பியர் என்று பெயர். உண்மையில் செலவாவது 70 வாட். 70 ÷ 115 = 0.61, இதுதான் திறன் காரணி. வீட்டு பில் வாட்டுக்குத்தான்.

அதேபோல் 230ஐ ஃபேனின் ஆம்பியரால் வகுத்து வரும் எண் மின்தடை மட்டும் இல்லை, சுருளின் எதிர்ப்பும் சேர்ந்த மின்மறுப்பு (இம்பீடன்ஸ்). சுருளை ஓம் மீட்டரில் அளந்தால் அதைவிடக் குறைவாகவே காட்டும். பேட்டரியின் நேர்மின்சாரத்தில் இந்தத் தொல்லை கிடையாது.

1.5 வோல்ட் பேட்டரி, மாட்டினதும் 1.25 ஆயிடுது. மீதி 0.25 எங்க போச்சு?

பேட்டரிக்குள்ளேயே. பேட்டரிக்கும் தனக்கென ஒரு உள் மின்தடை உண்டு. பாய்லர் கதையில் வயர் செய்த வேலையை இங்கே அது செய்கிறது. மின்னோட்டம் 0.5 ஆம்பியர் என்றால் உள் மின்தடை 0.25 ÷ 0.5 = 0.5 ஓம், வெளியே இருக்கும் பல்பு 1.25 ÷ 0.5 = 2.5 ஓம். பல்பின் திறன் 0.625 வாட், பேட்டரிக்குள் வீணாவது 0.125 வாட். ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வுத் தாளில் 1.5ஐ வைத்துப் பல்பின் மின்தடையைக் கண்டுபிடிப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

சார், ஓம் பூஜ்யமானா வி ஸ்குவேர் பை ஆர் முடிவிலி வருமே. ஷார்ட் ஆனா முடிவில்லாத பவரா?

பூஜ்யம் ஆகாது. சாமானின் தடை போனாலும் சுவருக்குள் இருக்கும் வயர், தெருக் கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றின் தடையும் தொடரில் நிற்கும், பேட்டரியின் உள் மின்தடை மாதிரியே. எல்லாம் சேர்த்து அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 230 ÷ 0.5 = 460 ஆம்பியர். திறன் 1,05,800 வாட், அதாவது ஐம்பது கெட்டிலுக்கு மேல். முடிவிலி இல்லைதான், ஆனால் வயர் தீப்பிடிக்க சில நொடி போதும். மெயின் பெட்டியில் உள்ள எம்சிபி, அதாவது மின்னோட்டம் மிகுந்தால் தானே வெட்டும் சுவிட்ச், அதற்குள் கீழே விழுந்துவிடும். அதை மறுபடி மறுபடி மேலே தள்ளிப் பார்க்காதீர்கள். கடைசியாக மாட்டிய சாமானை முதலில் கழற்றுங்கள், பிறகு ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். திரும்ப விழுந்தால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.